எட்டு டீம் லீடர்கள், இரண்டு செஷன், யாரும் வாய் திறக்கவில்லை

#1 மேசைவிளக்கு

வணக்கம். நான் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனத்தில் போன வருடம் 8 பேருக்கு ஒரே நேரத்தில் டீம் லீடராகப் பதவி உயர்வு கொடுத்தார்கள். எட்டுப் பேரும் எட்டு வெவ்வேறு பிரிவு. நேற்று வரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களுக்கு இன்று இவர்கள் லீவு கொடுக்க வேண்டும், குறை சொல்ல வேண்டும், மார்க் போட வேண்டும். தடுமாறுவது இயல்புதான்.

ஆளுக்கொரு கோச் வைக்கப் பணம் இல்லை என்றார்கள். அதனால் குரூப் கோச்சிங். ஒரே கோச், 15 நாளுக்கு ஒரு தடவை, 90 நிமிடம், மொத்தம் 6 செஷன். இரண்டு முடிந்துவிட்டது.

முதல் செஷன் அறிமுகத்திலேயே போய்விட்டது. இரண்டாவதில் கோச் கேட்டார்: "இப்போது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது எது?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "டைம் மேனேஜ்மென்ட்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல டைம் மேனேஜ்மென்ட்!

எனக்கு உள்விஷயம் தெரியும். ஒருவருடைய பிரிவில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் ராஜினாமா. இன்னொருவருக்குக் கீழே இருப்பவர், அதே பதவிக்குக் காத்திருந்து கிடைக்காமல் போன சீனியர். இவர் காலையில் குட்மார்னிங் சொன்னால் அவர் ஸ்க்ரீனை விட்டு முகத்தைத் திருப்புவதில்லை. இதில் ஒன்றுகூட அந்த அறையில் வெளியே வரவில்லை.

கோச் சரியில்லையா? குரூப் என்பதே இதற்கு ஒத்துவராதா? மிச்சம் இருக்கும் 4 செஷனை நிறுத்திவிட்டு, அவசரமான இரண்டு பேருக்கு மட்டும் தனியாகக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 நெட்டைக்கொக்கு

காசு கொடுத்து ஒரு ஆளை வரவழைத்து, அவர் கேள்வி மட்டும் கேட்பார், பதில் நாமே சொல்ல வேண்டுமாம். இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவருக்குத்தான் முதலில் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

#3 கேள்விக்குறி

நான் அந்தத் தொழில்தான் செய்கிறேன், நெட்டைக்கொக்கு. திட்டு பழகிவிட்டது :)

மேசைவிளக்கு, ஒரே ஒரு கேள்வி (இது இலவசம்). அந்த அறையில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்?

#4 மேசைவிளக்கு

8 பேர், கோச், ஒரு மேனேஜர், நான். ஆக 11.

மேனேஜரை நாங்கள் கூப்பிடவில்லை. "நான் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்" என்று அவரே வந்தார். எட்டில் மூன்று பேர் அவருக்குக் கீழேதான் வருகிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் மேலே ஒரு பக்க ரிப்போர்ட் போக வேண்டும். யார் சொன்னது என்று பெயர் போடுவதில்லை, பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

#5 வரிசை_எண்_7

"பொதுவாகத்தான்" என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நானும் இப்படி ஒரு குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். நிறுவனம் எது என்று சொல்லப்போவதில்லை. ஏழு பேர். மூன்றாவது செஷனில் கொஞ்சம் நம்பிக்கை வந்து, "என் மேனேஜர் முடிவை மாற்றினால் என்னிடம் சொல்வதில்லை, என் டீம் ஆட்கள் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டில் என் பெயர் வரவில்லை. ஆனால் அந்த ஏழு பேரில் அந்த மேனேஜருக்குக் கீழே இருந்தது நான் ஒருவன்தான். வருடக் கடைசியில் என் அப்ரைசல் தாளில் ஒரு வரி: "மேலதிகாரிகளின் முடிவுகளை ஏற்பதில் முதிர்ச்சி தேவை."

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எனக்கு அதோடு வாய் மூடிக்கொண்டது. நாலாவது செஷனில் கோச் கேட்டபோது நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? டைம் மேனேஜ்மென்ட். யாருக்கும் வலிக்காது, யார் மேலும் விரல் நீளாது, கேட்டவரும் தலையாட்டி எழுதிக்கொள்வார்.

உங்கள் எட்டுப் பேரும் விவரமானவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

#6 பழைய_ஃபோர்மேன்

அம்மா மேசைவிளக்கு, கோச்சை மாற்றுவதற்கு முன்னால் அந்த நோட்டை மூடி வையுங்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் ஷாப் ஃப்ளோரில் இருந்தவன். எங்கள் காலத்தில் கோச்சிங் என்ற பேச்சே கிடையாது. ஷிப்ட் மாறும்போது நாலைந்து சூப்பர்வைசர்கள் கம்ப்ரெசர் அறைக்குப் பின்னால் நின்று புலம்புவோம். சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது, அதுதான் அந்த இடத்தின் வசதி. "என் ஆள் ஒருத்தன் இப்படிச் செய்கிறான், நீ என்னப்பா செய்வாய்?" என்று ஒருவன் கேட்பான். வகுப்பில் கற்றதைவிட அங்கே கற்றது அதிகம்.

இதையே ஒருவர் முறையாகச் செய்திருக்கிறார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ரெக் ரெவன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர். 1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். 1940களில் பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தார். சுரங்க மேனேஜர்களை வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பதைவிட, அவரவர் சுரங்கத்தில் உண்மையாகவே உதைக்கிற பிரச்சினையை எடுத்துக்கொண்டு வந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கட்டும் என்றார். ஆக்‌ஷன் லேர்னிங் என்று பெயர் வந்தது அப்புறம்தான். படித்துத் தெரிந்துகொண்டது ஒரு பங்கு, தெரியாததைத் துணிந்து கேட்பது ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் கற்றல் என்பது அவர் கணக்கு. குழுவில் இருப்பவர்களை அவர் "துன்பத்தில் தோழர்கள்" என்பார்.

நீங்கள் உட்காரவைத்த எட்டுப் பேரும் துன்பத்தில்தான் இருக்கிறார்கள். தோழர்களாக ஆவதற்குத்தான் நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

#7 நெட்டைக்கொக்கு

ஐயா சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கம்ப்ரெசர் அறைக்குப் பின்னால் புலம்பியது ஓசி. இங்கே பில் போடுகிறார்களே? சரி, கேள்விக்குறி, அந்த 90 நிமிடத்தில் நீங்கள் என்னதான் செய்வீர்கள், நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். "பாதுகாப்பான வெளியை உருவாக்குவேன்" என்றெல்லாம் சொன்னால் இழையை விட்டுப் போய்விடுவேன்.

#8 கேள்விக்குறி

நியாயமான கேள்வி. ஒவ்வொரு கோச்சும் ஒரு மாதிரி செய்வார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு செஷனுக்கு இரண்டு பேர்தான் தங்கள் விஷயத்தை எடுத்துவைப்பார்கள். ஆளுக்கு 40 நிமிடம். எல்லோரையும் சுற்றி வரவைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேசவைப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. பத்து நிமிடத்தில் ஒரு மனிதர் தன் கஷ்டத்தின் முன்னுரையைக்கூட முடிக்க மாட்டார்.

முதல் 5 நிமிடம் அவர் சொல்வார், யாரும் குறுக்கே பேசக் கூடாது. அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். இந்த இடத்தில்தான் எல்லாக் குழுவும் வழுக்கும். "அவரிடம் நேரில் பேசிப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்பார். அது கேள்வி கிடையாது, வால் ஒட்டிய அறிவுரை. முதல் இரண்டு செஷனில் என் வேலையில் பாதி இந்த வாலை வெட்டுவதுதான். அப்புறம் அவர்களே ஒருவரை ஒருவர் "வால்! வால்!" என்று பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு விஷயத்தைச் சொன்னவர் தன் நாற்காலியைத் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். 15 நிமிடம், அவர் அங்கே இல்லாதது போலவே மற்றவர்கள் அவர் விஷயத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள். அவர் கேட்டுக்கொண்டே குறிப்பு எடுக்கலாம், பதில் சொல்லக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்பவர் பொது மருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, மனதை அரிக்கிற நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். இன்றும் பாலின்ட் குழுக்களில் விஷயத்தைச் சொன்ன மருத்துவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து கேட்பது வழக்கம். முகம் தெரிந்தால் மனிதன் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவான். முதுகுக்கு அந்த வசதி இல்லை.

கடைசி 10 நிமிடம் அவர் திரும்பி உட்கார்ந்து, எது உறைத்தது, அடுத்த செஷனுக்குள் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வார். அடுத்த முறை முதல் கேள்வியே அதுதான்.

ஒரு உதாரணம், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு சூப்பர்வைசர், தனக்குக் கீழே இருப்பவரைப் பற்றி: "எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை." கேள்வி நேரத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கேட்டார்: "கடைசியாக அவரிடம் என்ன சொன்னீர்கள்? அதே வார்த்தையில் சொல்ல முடியுமா?" அவர் வாயைத் திறந்தார், மூடினார். பேனா மூடியை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். பிறகு, "அவரிடம் சொல்லவில்லை. குரூப்பில் மெசேஜ் போட்டேன். எல்லாருக்கும் பொதுவாக" என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அங்கே இருந்த எல்லோருமே அப்படி ஒரு மெசேஜ் போட்டவர்கள்தான்.

நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது கோச் வைத்த பொறி மாதிரி பட்டிருக்கும். அவரைப் போலவே திண்டாடுகிற இன்னொருவர் கேட்டதால் உள்ளே போனது. குரூப்புக்கு நீங்கள் கொடுக்கிற பணம் இதற்குத்தான், நெட்டைக்கொக்கு. சிக்கனத்துக்காக என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

#9 நெட்டைக்கொக்கு

சரி, இழையில் இருக்கிறேன்.

இப்போது என் கதை. நான் சாஃப்ட்வேர் டீம் ஒன்றை நடத்துகிறேன், எனக்குக் கீழே 6 பேர். இரண்டு வருடம் முன்பு எங்களுக்கும் ஒரு கோச் வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் விழச் சொன்னார்கள், மற்றவர்கள் பிடிப்பார்களாம், நம்பிக்கை வளருமாம். பிடித்தார்கள். மறுநாள் காலை அதே சண்டை. என்ன சண்டை என்றால், ஒரு ரிலீஸ் (சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு) வெளியே போகலாம் என்று கடைசி வார்த்தை சொல்வது நானா, டெஸ்டிங் பார்ப்பவரா என்று யாருக்கும் தெரியாது. எழுதிவைக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நாள் இரவு இதே ரகளை.

அந்த நாற்காலி வித்தையை இந்த 6 பேரோடு செய்தால் உருப்படுமா?

#10 கேள்விக்குறி

செய்யாதீர்கள். உங்களிடம் இருப்பது டீம். மேசைவிளக்கிடம் இருப்பது குரூப். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் பாதி குழப்பம்.

குரூப்பில் எட்டுப் பேருக்கும் எட்டு வேலை, எட்டு இலக்கு. ஒருவர் சறுக்கினால் இன்னொருவருக்கு வேலை நஷ்டம் இல்லை. அதனால்தான் மனம் விட்டுப் பேச முடியும். அதற்கு மேனேஜரும் குறிப்பு எடுப்பவரும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். டீமில் எல்லோருக்கும் ஒரே வேலை. அங்கே கோச்சிங் வாங்குவது தனி ஆள் அல்ல, அவர்கள் சேர்ந்து வேலை செய்கிற விதம். மேலதிகாரியை வெளியே அனுப்பிவிட்டு டீம் கோச்சிங் செய்ய முடியாது, ஏனென்றால் அவரும் டீமில் ஒருவர். அவர் முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு ஜூனியரின் குறையை அலசினால் அதற்குப் பெயர் விசாரணை. என் தொழிலுக்குள்ளேயே இந்த வித்தியாசம் மெதுவாகத்தான் உறைத்தது. ஐ.சி.எஃப். என்கிற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தொடங்கியது 1995-இல். டீம் கோச்சிங்குக்குத் தேவையான திறன்களைத் தனியாக வகுத்து வெளியிட்டது 2020-இல்.

இன்னொன்று சொல்கிறேன், என் பிழைப்புக்கே கேடு. ரூத் வேஜ்மேன் என்பவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 43 சர்வீஸ் டீம்களை ஆராய்ந்து 2001-இல் எழுதினார். டீமை அமைத்த விதம் ஒழுங்காக இருந்ததா, அதாவது யார் டீம், என்ன இலக்கு, என்ன அதிகாரம், வேலை உண்மையிலேயே சேர்ந்து செய்வதுதானா என்பதெல்லாம் தெளிவாக இருந்ததா என்று ஒரு பக்கம் பார்த்தார். தலைவர் எப்படிக் கோச்சிங் கொடுத்தார் என்று இன்னொரு பக்கம். அமைப்பின் பலம்தான் பல மடங்கு பெரிதாக வந்தது. நன்றாக அமைந்த டீமுக்கு நல்ல கோச்சிங் நன்றாகவே உதவியது. கோணலாக அமைந்த டீமுக்கு எவ்வளவு நல்ல கோச்சிங்கும் பெரிதாக எடுபடவில்லை. அவருடைய ஆசான் ரிச்சர்ட் ஹேக்மேன் இதையே தோராயக் கணக்காக 60-30-10 என்பார். 60 பங்கு அமைப்பு, 30 பங்கு டீமைத் தொடங்கிவைக்கிற விதம், கோச்சிங்குக்கு மிச்சம் 10.

உங்கள் ரிலீஸ் சண்டைக்குக் கோச் தேவையே இல்லை, ஒரு தாளும் பேனாவும் போதும்.

#11 நெட்டைக்கொக்கு

அதைத்தான் கடைசியில் செய்தோம்! கோச் போன பிறகு, எந்த முடிவு யாருடையது என்று 14 வரி எழுதிச் சுவரில் ஒட்டினோம். பாதி சண்டை அதிலேயே போனது. மீதிப் பாதி குணம், அதற்குத் தாள் உதவவில்லை. அந்தப் பாதிக்கு வேண்டுமானால் உங்களை மாதிரி ஆள் வரலாம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கண்கட்டி வித்தைக்குப் போன பணத்தை நினைத்தால்தான் ஆறவில்லை.

#12 இரண்டாம்_ஷிப்ட்

நான் மருத்துவமனை வார்டில் நர்ஸ் இன்சார்ஜ். நீங்கள் எல்லோரும் "டீம்" என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. என் டீம் 19 பேர், மூன்று ஷிப்ட். எல்லோரையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. 90 நிமிடம் எங்கே கிடைக்கும்?

எங்களுக்கு வந்த பயிற்சியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். எங்களைத் தனி அறைக்குக் கூப்பிடவில்லை. ஹேண்டோவர் நேரத்தில், அதாவது ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, வந்து ஓரமாக நின்று இரண்டு வாரம் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஹேண்டோவரில் எப்போதும் நீங்களே பேசுகிறீர்கள். கடைசிப் படுக்கையைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யார்?" அன்றிலிருந்து ஒவ்வொரு படுக்கையைப் பற்றியும் அதைப் பார்த்துக்கொண்டவர்தான் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். முதல் வாரம் நேரம் இழுத்தது. இரண்டாவது வாரம், மருந்து நேரம் தவறிய ஒரு விஷயத்தை ஒரு ஜூனியர் தானாகவே சொன்னார். முன்பென்றால் நான்தான் சார்ட்டில் தேடிக் கண்டுபிடித்திருப்பேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை டீம்களைத்தான் ஆராய்ந்தார். நல்ல டீமில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை, மறைக்காமல் சொன்னார்கள் என்றுதான் அவர் விளக்கினார். உளவியல் பாதுகாப்பு (தவறைச் சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை) என்று இப்போது எல்லா ஸ்லைடிலும் போடுகிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அந்த ஸ்லைடு போடுகிற மேனேஜர்கள், தவறுகளின் எண்ணிக்கை கூடினால் முதலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். திட்டுகிறார்கள்.

#13 மேசைவிளக்கு

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. நன்றி. ரிப்போர்ட் விஷயத்தில் தப்பு என் பக்கம்தான், புரிகிறது.

இன்னொரு சிக்கல். மேலே இருந்து, "எட்டுப் பேர்தானா? 15 ஆக்குங்கள், ஆளுக்கு ஆகிற செலவு குறையும்" என்கிறார்கள். என்ன சொல்லி மறுப்பது? அப்புறம், குழு உருவாகும்போது முதலில் மோதல் வரும், பிறகு சரியாகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் குழு இன்னும் மோதவே இல்லை. காத்திருக்க வேண்டுமா?

#14 பழைய_ஃபோர்மேன்

15 பேர் கேட்பவர்களுக்கு என் பதில், ஒரு கயிற்றுக் கதை. மாக்ஸ் ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார், 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒரு ஆள் போடுகிற பலத்தை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 49-தான் வந்தது. எட்டுக்கே இந்தக் கதி. கூட்டத்தில் எவன் இழுக்கவில்லை என்று தெரியாது பாருங்கள்.

#15 கேள்விக்குறி

கயிறு வேறு, பேச்சு வேறு ஐயா, எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது. அந்தக் குறைவிலும் ஒரு பங்கு, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் வருவது. நான் வகுத்தல் கணக்கே போடுவேன். செஷனுக்கு இரண்டு பேர், ஆறு செஷன், மொத்தம் 12 இடம். எட்டுப் பேர் என்றால் எல்லோருக்கும் ஒரு முறை கிடைத்து, நாலு பேருக்கு இரண்டாம் முறையும் வரும். பதினைந்து பேர் என்றால் மூன்று பேர் கடைசி வரை பார்வையாளர்கள். இதை மேலே சொல்லுங்கள், மறுக்க முடியாது.

(உங்களுக்கு இரண்டு செஷன் போய்விட்டது, மிச்சம் 8 இடம். எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் வீணாக்க இடமில்லை.)

அந்தப் படம் ப்ரூஸ் டக்மேன் என்ற உளவியலாளர் 1965-இல் சொன்னது. உருவாதல், மோதல், ஒழுங்குபடல், செயல்படல். அவர் படித்துத் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தெரபி குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அலுவலக டீமுக்கு அதை ரயில் டைம்டேபிள் மாதிரி வைத்துக்கொண்டு மோதல் ஸ்டேஷன் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

டீம்களைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் உதவியது கோனி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988-இல் எழுதியது. கெடு வைத்து வேலை செய்யும் எட்டு டீம்களைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கவனித்தார். முதல் கூட்டத்தில் பிடித்த பாதையிலேயே போவார்கள். கெடுவில் ஏறக்குறையப் பாதி நேரம் போனதும், "ஐயோ, பாதி போய்விட்டதே" என்று திடீரென்று வேலை செய்யும் விதத்தையே மாற்றுவார்கள். வேலை ஒரு வாரமானாலும் சில மாதமானாலும் இதே கதைதான். அதனால் டீமை உற்சாகப்படுத்துவதைத் தொடக்கத்தில் செய்ய வேண்டும், வழியை மாற்றிப் பார்ப்பதை நடுவில், கற்றதை அசைபோடுவதை முடிவில். நடு ஓட்டத்தில் போய் "நாம் என்ன கற்றோம்" என்று கேட்டால் முறைப்பார்கள். முறைக்கத்தான் வேண்டும்.

#16 பழைய_ஃபோர்மேன்

கயிற்றை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மேனேஜர் விஷயத்தில் நான் உங்களோடு இல்லை. அவரை ஒரேயடியாக வெளியே வைத்தால் என்ன ஆகும்? இந்தப் பிள்ளைகள் உள்ளே தெளிவாகப் பேசுவார்கள், வெளியே வந்தால் பழைய மேனேஜர், பழைய பேச்சு. ரெவன்ஸ் முறையிலேயே பிரச்சினைக்குச் சொந்தக்காரர், தீர்வுக்கு ஆதரவு கொடுக்கக்கூடிய பெரியவர் என்றெல்லாம் ஆள் உண்டு. அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

#17 கேள்விக்குறி

நாற்காலி உண்டு, அந்த அறையில் இல்லை. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, மேனேஜரும் அந்த டீம் லீடரும் நானும் மட்டும் உட்காருவோம். டீம் லீடர் பேசுவார், நான் பேச மாட்டேன். அது போதும் என்பது என் அனுபவம்.

#18 பழைய_ஃபோர்மேன்

போதாது என்பது என் அனுபவம். சரி, விடுங்கள்.

#19 வரிசை_எண்_7

மேசைவிளக்கு, மேனேஜரிடம் பேசும்போது எங்கள் இழையைக் காட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே அடிபட்டவன் சொல்கிறேன்.

#20 மேசைவிளக்கு (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன்.

15 பேர் கதை அந்த வகுத்தல் கணக்கிலேயே முடிந்தது. மேனேஜர்தான் கஷ்டமாக இருந்தது. "அப்படியென்றால் என்னைப் பற்றித்தான் பேசப்போகிறார்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, முகம் வாடிப்போய்க் கேட்டார். அதற்கு நான் தயாராக இல்லை. அவரும் ஒரு காலத்தில் இப்படித் திடீரென்று மேலே வந்தவர்தான், அவருக்கு யாரும் எந்தக் குழுவும் வைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களைப் பற்றியும் பேசலாம், என்ன பேசினார்கள் என்று எனக்கும் தெரியப்போவதில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துச் சரி என்றார்.

எட்டுப் பேரிடமும் நானே போய், போன இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டினேன். ஒருவர் படித்துவிட்டு, "இவ்வளவுதானா, இதைவிட மோசமாக நினைத்தேன்" என்றார். கோச்சிடமும் பேசினேன். ரிப்போர்ட் போவது அவருக்கே பிடிக்கவில்லையாம், நான்தான் கேட்கவில்லை.

மூன்றாவது செஷனில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே இல்லை. 90 நிமிடம் போட்டிருந்தோம், 115 நிமிடம் கழித்து வெளியே வந்தார்கள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் ஒருவர் வந்து, வியாழக்கிழமை அந்த அறை காலியா, கோச் இல்லாமல் நாங்களே ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

இப்போது பிரச்சினை, மேலே இருந்து ரிப்போர்ட் கேட்டு இரண்டு நினைவூட்டல் வந்துவிட்டது. என்ன எழுதுவது?

#21 நெட்டைக்கொக்கு

டைம் மேனேஜ்மென்ட் என்று எழுதுங்கள்.

#22 வரிசை_எண்_7

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள். அதை மட்டும் எழுதுங்கள். வியாழக்கிழமை அறை கேட்டதைக்கூட எழுத வேண்டாம்.

#23 மேசைவிளக்கு

"8 பேர். 115 நிமிடம்." அனுப்பிவிட்டேன். "மீதிப் பக்கம் இணைக்க மறந்துவிட்டீர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. நாளை நேரில் போகிறேன்.